மதிலுக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலி

"நீங்களும் உள்ளே போகக் கூடாதவரா?"

வீதியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் ஆங்கிலத்தில் கேட்டார். மடக்கு நாற்காலியில் இருந்தார். மடியில் ஒரு பழைய சூட்கேஸை மேசை போல வைத்திருந்தார். தலையில் தொப்பி, கையில் பூதக்கண்ணாடி.

நான் சுற்றிப் பார்த்தேன். வாசலில் வேறு யாரும் இல்லை. முன்னால் ஒரு இரும்புக் கதவு பாதி திறந்து கிடந்தது. சற்று முன்புதான் என் மகள் வாசுகி, எங்கள் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதற்குள் போயிருந்தாள். நான் ஒரு கையில் சாப்பாட்டுக் கரியரும் மறு கையில் குடையுமாக வாசலில் நின்றேன்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில், "எங்கள் ஆட்களில் பெண்கள் இப்படியான இடத்துக்குப் போவதில்லை" என்றேன்.

"எங்கள் ஆட்களில் நான் போவதில்லை" என்றார். "இந்தப் பக்கம் வாருங்கள். அங்கே நிழல் இல்லை."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைகாலம். கிழக்கு லண்டனில், பஸ் ஓடும் பெரிய வீதிக்குப் பின்னால், யூதர்களின் ஒரு பழைய இடுகாட்டு வாசல். சென்ற கிழமை இந்தப் பத்தியில், குட்மேய்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டைப் பற்றி எழுதியபோது, அந்தக் கண்ணாடி ஏன் பின்வளவு ஷெட்டில் கிடக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்வதென்றால் இந்த வாசலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கண்ணாடி

வாசுகி அப்போது பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு ஏதோ தொண்டு வேலை என்றாள். நூலகமாக்கும் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கேட்ட பிறகுதான் விசயம் வெளியே வந்தது.

அந்த இடுகாட்டில் புதிதாக யாரையும் அடக்கம் செய்வது எப்போதோ நின்றுவிட்டது. புகையும் மழையும் கல்லெழுத்துகளைத் தின்றுகொண்டிருந்தன. எழுத்து முற்றாக அழிவதற்குள் ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, அதில் உள்ளதை எழுத்து எழுத்தாகப் பிரதி செய்து, எந்தக் கல் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். தேய்ந்த கல்லைச் சுரண்டக் கூடாது, சோக்குக் கட்டியால் தேய்க்கக் கூடாது. வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கல்லின் மேல் சாய்வாக விழுத்தினால், எழுத்தின் விளிம்புகளில் நிழல் கட்டும். வெறும் பாறை போலக் கிடந்ததில் ஒரு பெயர் எழும்பி வரும். அதற்குத்தான் கண்ணாடி.

"சுடலைக்கோ? என்ரை கண்ணாடியையோ?"

"செமெட்ரி, அம்மா. சுடலை இல்லை."

"ரெண்டும் ஒண்டுதான். போன கண்ணாடி திரும்ப இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"அப்ப நான்?"

"நீ குளிச்சிட்டு வரலாம். கண்ணாடியைக் குளிப்பாட்டேலுமே?"

"ஏன் ஏலாது? ஸ்பிரே இருக்குத்தானே."

சிரித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று பின்னேரம் அவள் வரும்போது பின்வளவில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரோடு நின்றேன். இங்கிலாந்துத் தண்ணீர் கோடையிலும் பனிக்கட்டி. அவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிள்ளையின் மேல் ஏதும் தெறித்துவிட்டதா, டொக்டரைக் கூப்பிடவா என்று கேட்டாள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். பேய் பிசாசுக்குப் பயமா, எங்கள் நிறத்தைக் கண்டால் அடிக்க வரும் மொட்டைத் தலைப் பொடியன்களுக்குப் பயமா, மதில் இடிந்து விழும் என்று பயமா என்று கேட்டால், எல்லாவற்றுக்கும்தான். அவள் என் கண்ணில் படாத ஒவ்வொரு நிமிடத்தையும் நான் எண்ணுவேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மற்றவனைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

படலை வரை

என் கணவர் நோயில் இறந்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். பெண்கள் நாங்கள் பாடையின் பின்னால் வாசல் படலை வரை ஓடினோம். அங்கே எங்களைப் பிடித்து நிறுத்தினார்கள். பறைச் சத்தம் ஒழுங்கை முடக்கில் திரும்பி மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு வீட்டைக் கழுவினோம். ஆண்கள் நனைந்த தலையோடு திரும்பி வந்தார்கள். இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெண்கள் கல்லூரியில் கணிதம் படிப்பித்த எனக்கு, என் மனிதர் எந்த இடத்தில் எரிந்தார் என்று ஒரு கோடு கீறிக் காட்டத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் வாசுகியைக் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தேன். மூத்தவன் நந்தன் வரவில்லை. "படிப்பு முடியட்டும் அம்மா, பிறகு வாறன்" என்றான். சில வருடங்கள் கழித்து ஒரு காலை சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. யார் கொண்டுபோனது என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒருவர் அவனைக் கண்டதாகவே எழுதினார். அது அவன்தானா என்று திருப்பிக் கேட்டதற்கு மறுமொழி இல்லை.

ஹரோவில் இருக்கிற என் அண்ணை ஞாயிறு தவறாமல் டெலிபோன் எடுப்பார். சுகம் கேட்டு முடிந்ததும் குரல் மாறும்.

"பிள்ளை, எத்தினை வருசமாப் போச்சு. உடம்பு இல்லாட்டிலும் தர்ப்பையிலை உருவம் செய்து அந்தியேட்டி செய்யலாமெண்டு ஐயர் சொல்லுறார். நானே கிரியைக்கு இருக்கிறன். அவன்ரை ஆன்மா அலையக் கூடாது."

"அவன் அலையேல்லை அண்ணை. எங்கேயோ இருக்கிறான்."

"எங்கை?"

நான் ஓம் என்றால் அந்த நிமிடத்தில் என் வாயாலேயே அவனைக் கொன்றதாகிவிடும் என்று தோன்றும். போனை வைத்துவிடுவேன்.

பூசகர் வம்சம்

கிழவரின் பெயர் கப்ளன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அவர்களுக்குள் பூசகர் வம்சம் என்று ஒன்று உண்டாம். அவர்களின் பழைய கோயில் இடிந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடங்கள் போய்விட்டாலும் அந்த வம்சத்து ஆண்களுக்குத் தீட்டு விதி போகவில்லை. தாய், தகப்பன், மனைவி, பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் என்று மிக நெருங்கியவர்களை அடக்கம் செய்யும் அன்று மட்டும் உள்ளே போகலாம். பிறகு இல்லை.

"ஆனால் எபிரேய எழுத்து எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் செத்தவர்கள் என்னிடம் வெளியே வருகிறார்கள்" என்றார்.

உண்மைதான். வாசுகியும் மற்றப் பிள்ளைகளும் விளங்காத எழுத்துகளைக் கடதாசியில் வரைந்துகொண்டு கதவைத் தாண்டி அவரிடம் ஓடி வருவார்கள். அவர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். "இது எழுத்து இல்லை, உன் பென்சில் வழுக்கியது" என்று ஏசுவார். "இன்னாரின் மகள் இன்னார். நல்ல மனுசி. கல்லில் எல்லோரும் நல்ல மனுசிதான்" என்பார். எங்கும் தகப்பன் பெயர். அவர்கள் எழுத்தை எண்ணாகக் கூட்டி வருடம் கண்டுபிடிப்பதை மட்டும் நான் சட்டென்று பழகிக்கொண்டேன். கூட்டலில் அவர் பிழை விட்டால் திருத்துவேன். அவருக்கு அது பிடிக்காது.

நான் கொண்டுபோகும் வடையை அவர் தொடமாட்டார். எங்கள் சட்டி அவருக்குச் சரிவராது. பழம் என்றால் வாங்குவார். மஞ்சள் தண்ணீர்க் கதையைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். வெளியே வரும்போது அவர்களும் கை கழுவுவார்களாம். "நாங்கள் கை. நீங்கள் முழுப் பிள்ளையையும்."

ஒரு மப்பு நாள். வெயில் இல்லாமல் கண்ணாடிக்கு வேலையில்லை. வாசுகி உள்ளே புல் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றுதான் அவர், நான் ஒன்றும் கேட்காமலே, தன் தம்பியைப் பற்றித் தொடங்கினார்.

குடும்பம் போருக்கு முன் லண்டனுக்கு வந்தபோது தம்பி வரவில்லை. படிப்பு முடியட்டும் என்று நின்றுவிட்டான். ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. போர் முடிந்த பிறகு தாய் எந்தெந்த அலுவலகங்களுக்கோ எழுதினாள். அவனுக்காக இறந்தவர் பிரார்த்தனை சொல்லலாம் என்று யாராவது வாயெடுத்தால் மேசையில் அடிப்பாளாம். அப்படியே சில வருடங்களில் இறந்துபோனாள். அவளை இந்த இடுகாட்டிலேயே அடக்கம் செய்தார்கள்.

"அவளுடைய கல்லின் அடியில் என் தம்பியின் பெயரை நான் வெட்டச் சொன்னேன். வேறு எங்கே வெட்டுவது? அவனுக்கென்று ஓரிடமும் இல்லை. கல் நாட்டிய அன்று நான் வாசலில் நின்றேன். அவளை மதிலோரமாகத்தான் அடக்கியிருந்தோம், நான் வந்தால் வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம் என்று." மதிலைக் காட்டினார். "பிறகு கள்ளர் பயத்தில் மதிலை உயர்த்திவிட்டார்கள்."

கொஞ்ச நேரம் பூதக்கண்ணாடியைச் சேர்ட்டில் துடைத்தார்.

"நீங்கள் ஒரு தாய். சொல்லுங்கள். நான் செய்தது சரியா?"

அவரிடம் நந்தனைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. என் ஆங்கிலம் ஓடிவிட்டது.

"அந்த மனுசி வேண்டாம் வேண்டாமெண்டு சொன்னதை அவவின்ரை தலைமாட்டிலேயே வெட்டி வைச்சிருக்கிறியள். அவ எழும்பி வந்து அழிக்கேலாதெண்டுதானே! உங்களுக்கு ஆர் அந்த உரிமை தந்தது?"

தமிழில்தான் கத்தினேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் தலையை ஆட்டினார்.

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார்.

உள்ளே

அடுத்த கிழமை முழுவதும் வாசுகியை வாசலில் விட்டுவிட்டு பஸ் தரிப்பிடத்தில் போய் இருந்தேன். அங்கிருந்து அவரின் தொப்பி தெரியும். ஒரு நாள் வெயில் நன்றாக எறித்தது. எழுந்து போய் ஒரு தோடம்பழத்தை அவர் சூட்கேஸின் மேல் வைத்தேன்.

"உங்களுக்கும் ஒருவர் இருக்கிறார்" என்றார்.

"மகன்."

அவர் தோடம்பழத்தை உரித்துப் பாதியை எனக்குத் தந்தார்.

"அந்தக் கல்லில் எழுத்து இன்னும் இருக்கிறதோ தெரியவில்லை. பிள்ளைகளிடம் கேட்டால் படம் எடுத்து வந்து காட்டுவார்கள். எனக்குப் படம் வேண்டாம். யாராவது போய் முன்னால் நின்றுவிட்டு வந்து சொன்னால் போதும்."

"நான் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஐம்பது வயது வரை தாண்டாத வாசல் அது. செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று கூட எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. கழற்றினேன். நெருஞ்சி மாதிரி ஏதோ குத்தியது. திரும்பப் போட்டுக்கொண்டேன்.

பயந்துகொண்டு போனேன். ஆனால் வெட்டிய புல்லின் மணமும் எங்கேயோ ஒரு லொறி பின்பக்கம் எடுக்கும் சத்தமும்தான் இருந்தன. கற்கள் வரிசை வரிசையாக, பள்ளிக்கூடம் விட்ட பிறகு வகுப்பறை மேசைகள் நிற்பது போல நின்றன. சிலதில் இரண்டு கைகள் செதுக்கியிருந்தன. கும்பிடுகிற கை என்று நினைத்துக் கிட்டப் போனேன். விரல்களைப் பிரித்து ஆசீர்வதிக்கிற கைகள். கப்ளனின் வம்சத்துக் கைகள். தூரத்தில் வாசுகி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியோடு நின்றாள். வெயில் அவளிடமிருந்து ஒரு கல்லுக்குப் பாய்ந்தது. அவளைக் கூப்பிடவில்லை.

கப்ளன் சொன்னபடி மதிலோரம் நடந்தேன். அந்தப் பெயரில் பலர் இருந்தார்கள். அவர் தாயின் கல் மற்றவற்றைவிடப் புதிது. மேலே எபிரேயம், கீழே ஆங்கிலம், எல்லாம் தெளிவாக இருந்தது. அதற்கும் கீழே சிறிய எழுத்தில், "அவளுடைய மகன்" என்று தொடங்கித் தம்பியின் பெயர். பிறந்த வருடம். ஒரு சிறு கோடு.

கோட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. வெறும் கல்.

அந்த இடத்தை விரலால் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. கல்லின் தலையில் மூன்று கூழாங்கற்கள் இருந்தன.

மூன்று கற்கள்

வெளியே வந்தேன். அவர் எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"இருக்கிறது. எல்லா எழுத்தும் இருக்கிறது" என்றேன். "கோட்டுக்குப் பிறகு ஒன்றும் வெட்டவில்லை."

"இடம் விடச் சொன்னேன்" என்றார். "வேறு?"

"வேறு ஒன்றும் இல்லை. துப்புரவாக இருக்கிறது. மேலே மூன்று சின்னக் கற்கள் வைத்திருக்கிறது."

அவர்களில் கல்லறைக்கு வந்து போகிறவர் பூவுக்குப் பதில் ஒரு சிறு கல்லை வைத்துவிட்டுப் போவார் என்று அவரே முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. துப்புரவைச் சொன்ன மாதிரி அதையும் சொன்னேன்.

கப்ளன் எழுந்தார். சூட்கேஸ் மடியிலிருந்து விழுந்து கடதாசியெல்லாம் நடைபாதையில் பறந்தது. அவர் வீதியைப் பார்க்காமல் குறுக்கே நடந்தார். ஒரு வான் ஹோர்ன் அடித்து, கிறீச்சிட்டு நின்றது. ஓட்டி தலையை வெளியே நீட்டிக் கெட்ட வார்த்தையால் ஏசினான். அவர் போய் இரும்புக் கதவின் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்தார்.

"யார் வந்தது? எனக்கு ஒருவரும் இல்லை. அவளுக்கு ஒருவரும் இல்லை. யார் வந்தது?"

அந்த முகத்தை எனக்குத் தெரியும். தபால்காரன் எங்கள் வீட்டுக் கதவை நோக்கித் திரும்பும்போது கண்ணாடியில் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு வாசுகி ஓடி வந்தாள்.

"அம்மா, என்ன? வாட் ஹாப்பண்ட்?"

"மதிலோரக் கல்லிலை மூண்டு கல்லு. ஆர் வைச்சது?"

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவரிடம் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள். "நான்தான் வைத்தேன். உங்கள் குடும்பம் என்று தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் கம்பியை விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது. நான் முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்து நாற்காலியில் இருத்தினேன். பறந்த கடதாசிகளை வாசுகி ஓடி ஓடிப் பொறுக்கினாள்.

"நல்ல காரியம் செய்தாய், பிள்ளை" என்று அவளிடம் சொன்னார். அவள் உள்ளே போன பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வீதியைக் கடக்கும்போது, என் தம்பிக்கு எந்த அறையைக் கொடுப்பது என்று யோசித்துவிட்டேன்."

ரயிலில்

பார்க்கிங் என்ற ஊருக்குப் போகும் ரயிலில் வாசுகி என் பக்கத்தில் இருந்தாள். கண்ணாடி எங்கள் இருவரின் முழங்காலிலும் சாய்ந்திருந்தது.

"எல்லாக் கல்லுக்கும் வைக்கிறனியோ?"

"இல்லை."

"அப்ப?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு ஸ்டேசன் போனது.

"டெத் டேட் இல்லாத கல்லுக்கு மட்டும்."

மூன்று கற்கள் என்றால் மூன்று முறை அங்கே போய் நின்றிருக்கிறாள். நந்தன் போன நாளிலிருந்து எனக்கு முன்னால் அவனைப் பற்றி வாயே திறக்காத பிள்ளை. அவளுக்கு அண்ணாவின் முகம் மறந்துபோய்விட்டது என்று நான் உள்ளுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்தேன். பார்க்கிங்கில் இறங்கி பஸ் எடுக்கும் வரை விடவில்லை. அவளும் இழுக்கவில்லை.

அன்று நானும் குளிக்க வேண்டியவள். பின்வளவில் நான் அவளுக்கு ஒரு வாளி ஊற்றினேன், அவள் எனக்கு ஒரு வாளி ஊற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண் இந்த முறை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிறு அண்ணைக்கு நான் முந்திக்கொண்டு டெலிபோன் எடுத்தேன்.

"அண்ணை, அந்தியேட்டியைச் செய்யுங்கோ."

"கடைசியா மனம் தேறியிட்டாய், பிள்ளை."

"தேறேல்லை. செய்யுங்கோ."

பெயரை வெட்டி அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு மனிதர் நாற்காலியை விட்டு எழும்பி ஓடுகிறார் என்றால், நான் ஓம் சொல்வதால் எதுவும் செத்துப்போகாது என்று எனக்குப் பட்டது. அது ஆறுதலா, அதைவிட மோசமான ஒன்றா என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

கராஜில்

வீட்டுக்குள் அபரக்கிரியை வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டதால் ஹரோவில் அவர்கள் கராஜில்தான் ஒழுங்கு செய்தார்கள். ஒரு மூலையில் புல்வெட்டும் மெசின், மேல் தட்டில் பெயின்ற் தகரங்கள். சீமெந்துத் தரையில் வாழையிலை. தர்ப்பையில் முடிந்த உருவம் ஒரு சாண் கூட இல்லை. நந்தன் ஆறடி.

ஐயர் திதி கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் வாசுகியைப் பார்த்தேன்.

"தெரியாதெண்டால் அமாவாசையை வைப்பம், அம்மா" என்றார் ஐயர், இதமாகத்தான்.

"வையுங்கோ" என்றேன்.

பெயர், நட்சத்திரம் சொல்லி மந்திரம் தொடங்கியது. பிண்டம் வைத்தார்கள். கிரியைக்காக அண்ணை போட்டிருந்த பூணூலை வலப்பக்கம் மாற்றச் சொன்னார் ஐயர். எள்ளும் தண்ணீரும் அண்ணையின் கைவிரலால் வழிந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த முறை யாரும் என்னைப் படலையில் நிறுத்தவில்லை.

அப்போது வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது.

நான் எழும்பியது எனக்கே தெரியாது. சேலை வாழையிலையில் பட்டு ஒரு கிண்ணம் உருண்டது. கதவைத் தள்ளி, குசினியைத் தாண்டி, ஹோலுக்கு ஓடி, அது நிற்பதற்குள் எடுத்தேன்.

"ஹலோ? ஹலோ? ஆர்?"

ஒரு ஆள் ஆங்கிலத்தில், ஸ்டேசனுக்குப் போக மினிகாப் வேண்டும் என்றான். நம்பர் பிழை என்றேன். மன்னிப்புக் கேட்டு வைத்தான்.

திரும்பி வந்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசுகி மட்டும் எழுந்து நின்றாள். கதவு வரை வந்திருந்தாள்.

"ஆர் அம்மா?"

"நம்பர் பிழை."

இருவரும் வந்து பழைய இடத்தில் இருந்தோம். உருண்ட கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தேன்.

"தொடருங்கோ ஐயா" என்றேன்.